குடல் அடைப்பு: ஆணுக்கா, பெண்ணுக்கா?



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் படப்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கு மேற்கே ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களும், கன்டெய்னர் லாரிகளும் படப்பைக் கடைவீதி வழியே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கடைவீதியில் ஒரு லாரி அச்சு முறிந்து சாலையின் குறுக்கே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? லாரிக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகும். லாரிக்கு முன்னால் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். இனி வேறொரு நாளை எண்ணிப் பாருங்கள். சாலையில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஓட்டுநர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம். அன்றும் வண்டிகள் நகர்வதில்லை. விளைவு ஒன்றுதான், காரணம் வேறு.

நம் வயிற்றுக்குள்ளும் இவ்விரண்டு நிலைகளும் ஏற்படுவது உண்டு. சிறப்பாக, வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஏற்படக்கூடும். முதல் வகையைக் குடல் அடைப்பு என்கிறோம். இரண்டாவது வகையைக் குடல் இயக்க ஓய்வு எனலாம். மருத்துவர்கள் இதை ‘இலியஸ்’ என்பார்கள். இவை ஆண்களுக்கு அதிகமா, பெண்களுக்கு அதிகமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் விடை காணும்போது ஒரு கண்ணியில் சிக்கிக்கொள்வோம். அந்தக் கண்ணி எது என்பதையும், அதை அறிந்துகொள்வது ஏன் ஓர் உயிரையே காக்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். எனினும் குடலும் ஒரு குழாய்தானே! குழாய், அழுத்தம், ஓட்டம் என்றால் இயற்பியலுக்கும் அங்கே வேலை உண்டு.

ஆறு மீட்டர்க் குழாய்

நமது சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ளது. அதன் விட்டம் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். இவ்வளவு நீளமான குழாய் வயிற்றறைக்குள் சுருண்டு சுருண்டு கிடக்கிறது. அசையாமல் கிடப்பதில்லை. அதன் சுவரிலுள்ள தசைகள் மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி விரிகின்றன. அந்த அலைதான் உணவுக் கூழை முன்னே தள்ளுகிறது.

இக்குழாய் வழியே ஒரு நாளில் எவ்வளவு திரவம் போகிறது தெரியுமா? நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே சுரப்பது ஏறத்தாழ 7 லிட்டர். ஆக மொத்தம் 9 லிட்டர்! இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்குத் தந்துவிடுகிறது. பெருங்குடலுக்குச் செல்வது 1 அல்லது 1.5 லிட்டர். வெளியேறுவது ஒரு சிறு கிண்ணம் அளவே.

இக்குழாய் ஓரிடத்தில் அடைபட்டுவிட்டால்? சுரப்பது நிற்காது, உறிஞ்சுவது குறைந்துவிடும். அடைப்புக்கு மேலே திரவம் தேங்கும். நாம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கூடவே போகும் காற்றும் அங்கே சேரும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் அல்லவா? அதைக் குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே வயிறு உப்புகிறது. லிட்டர் லிட்டராக நீர் குடலுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுவதால் உடலின் மற்ற பகுதிகள் வறண்டு போகின்றன.

வயிற்றுக்குள் ஒரு தழும்பு

கையில் வெட்டுக்காயம் பட்டால், ஆறிய பின் தழும்பு இருக்கும். வயிற்றுக்குள் அறுவை செய்தால் அங்கும் தழும்பு உண்டாகும். ஆனால் அது தோலில் உள்ள தழும்பைப் போல் சாதுவானதன்று.

வயிற்றறையின் உட்சுவரையும் குடலின் வெளிப்புறத்தையும் ஒரு மெல்லிய வழவழப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது. இதற்குப் பெரிட்டோனியம் என்று பெயர். இதை முழுவதும் விரித்தால் ஏறத்தாழ நம் உடல் தோலின் பரப்புக்குச் சமமாக இருக்கும்! இந்தச் சவ்வும், அதிலுள்ள சிறிதளவு நீரும் எந்திரத்துக்கு இட்ட மசகு எண்ணெய் போன்றவை. இவற்றால்தான் குடல் மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று உரசாமல் வழுக்கிச் செல்கின்றன.

அறுவையின்போது இந்தச் சவ்வு சில இடங்களில் காயப்படுகிறது. உடனே அங்கே ஃபைப்ரின் என்னும் பசை போன்ற பொருள் படிகிறது. காயப்பட்ட இரண்டு பரப்புகள் அருகருகே இருந்தால் பசை இரண்டையும் ஒட்டிவிடும். பெரும்பாலான இடங்களில் உடலே இப்பசையைச் சில நாட்களில் கரைத்துவிடுகிறது. கரைக்கத் தவறிய இடங்களில், ஒரு வாரத்துக்குள் நார்த்திசு வளரத் தொடங்குகிறது. பசை போய், அங்கே ஒரு கயிறு உண்டாகிறது. இதை ஒட்டிழை எனலாம்.

1990-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். முன்பே வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களை மறுபடி அறுவை செய்தபோது, 100-க்கு 93 பேரிடம் ஒட்டிழைகள் இருந்தன. முன்பு அறுவையே செய்துகொள்ளாதவர்களில் 100-க்குச் சுமார் 10 பேரிடம் மட்டுமே இருந்தன.

பயந்துவிட வேண்டாம்! ஒட்டிழை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் தராது. 2013-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வயிற்று அறுவை செய்துகொண்டவர்களில் ஒட்டிழையால் சிறுகுடல் அடைப்பு வந்தவர்கள் 100-க்கு 2 அல்லது 3 பேர் என்பது அவர்கள் கண்ட சராசரி.

ஒட்டிழையின் மற்றொரு குணத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். அது காலம் பார்ப்பதில்லை. 1986-இல் ஸ்காட்லாந்தில் வயிற்று அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 30,000 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒட்டிழையோடு தொடர்புள்ள, அல்லது தொடர்பு இருக்கக்கூடிய காரணங்களுக்காக அவர்களில் பலர் மருத்துவமனைக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அப்படித் திரும்பி வந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவையே முதல் ஆண்டில் நிகழ்ந்தவை. மற்றவை பத்து ஆண்டுகளிலும் பரவிக் கிடந்தன.

மடங்கிய குழாயின் இயற்பியல்

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயைப் பாருங்கள். தரையில் தாராளமாகச் சுருண்டு கிடக்கும்போது தண்ணீர் தடையின்றிப் போகும். ஓரிடத்தில் அதை ஆணியோடு சேர்த்துக் கட்டிவிட்டு இழுத்தால், கட்டிய இடத்தில் குழாய் மடங்கித் தண்ணீர் நின்றுவிடும். ஒட்டிழை செய்வதும் இதுவே. சுதந்திரமாக அசைய வேண்டிய குடலை ஓரிடத்தில் அது கட்டிப் போடுகிறது. சில வேளைகளில் கயிற்றுக்கு அடியில் குடலின் ஒரு மடிப்பு நுழைந்து மாட்டிக்கொள்வதும் உண்டு.

இனி, உப்பிய குடலின் சுவருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். நீளமான குழாய் வடிவப் பலூன் ஒன்றைப் பாதி மட்டும் ஊதிக் கட்டுங்கள். பலூனுக்குள் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றேதான். ஆனால் பருத்த பகுதியைத் தொட்டால் விறைப்பாக இருக்கும். ஊதாத நுனியைத் தொட்டால் தொளதொளவென்று இருக்கும். ஏன்? குழாயின் சுவரிலுள்ள இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கி வருவது. பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி இது. அழுத்தம் மாறாமல் ஆரம் மட்டும் 1.25 செ.மீ.-யிலிருந்து 2.5 செ.மீ. ஆனால், சுவரின் இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். அடைபட்ட குடலில் ஆரமும் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. விறைத்த சுவருக்குள் ஓடும் சிறிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன.

இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. ஒரு மடிப்பின் இரு முனைகளும் ஒரே கயிற்றில் இறுகிவிட்டால், அங்கு செல்லும் இரத்தக் குழாய்களும் நெரிபடும். தமனியில் இரத்த அழுத்தம் அதிகம்; சிரையில் மிகக் குறைவு. ஆகவே முதலில் நசுங்குவது சிரை. தமனி வழியே இரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிரை வழியே வெளியேற முடியாது. மடிப்பு வீங்கிக் கறுத்து, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கலாம். மருத்துவர்கள் கடிகாரத்தோடு போட்டியிடுவது இந்த நிலையில்தான்.

கணக்கில் உள்ள கண்ணி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆணுக்கா, பெண்ணுக்கா?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 ஆண்களும் 1,000 பெண்களும் இருக்கிறார்கள். ஆண்களில் 50 பேரும் பெண்களில் 300 பேரும் அடிவயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள். இருபாலாரிலும் அறுவை செய்துகொண்ட 100 பேருக்கு 2 பேர் வீதம் குடல் அடைப்பு வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் அடைப்பு வந்த ஆண் 1, பெண்கள் 6.

அந்த ஊர் மருத்துவமனையில் நிற்பவர் என்ன சொல்வார்? “ஆறு பெண்களுக்கு ஓர் ஆண். பெண்களின் குடலே பலவீனமானது!” என்பார். அவர் எண்ணியது சரி. ஆனால் எடுத்த முடிவு தவறு. 50-இல் 1 என்பதும், 300-இல் 6 என்பதும் ஒரே விகிதந்தானே! குடலில் வேறுபாடு இல்லை. எத்தனை பேர் கத்தியின் கீழ் படுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. தொகுதியை மட்டும் பார்த்துப் பகுதியை மறந்துவிடுவதுதான் அந்தக் கண்ணி.

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 45 சிசேரியன் அறுவை மூலம் பிறந்தவை. இந்தியா முழுவதற்குமான சராசரியோ 100-க்கு 21 அல்லது 22. மேலும், 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆண்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணின் கருக்குழாய் வயிற்றறைக்குள் இருக்கிறது. ஆகவே கருத்தடைக்காக, சிறிய துளை வழியாகவேனும், வயிற்றறையைத் திறந்தாக வேண்டும். ஆணுக்குச் செய்யும் வாசக்டமியில் வயிற்றறை திறக்கப்படுவதே இல்லை. விதைப்பையின் தோலில் ஒரு சிறு கீறலோடு முடிந்துவிடும்.

இந்த நிலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976–77-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் நான்கில் மூன்று ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. பலரைக் கட்டாயப்படுத்தியதால் நாடெங்கும் கடும் எதிர்ப்பு மூண்டது. 1977-க்குப் பின் ஆண்களுக்கான அறுவை சரிந்து, அந்தச் சுமை பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. பெண்களின் உடல் அந்த ஓரிரு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது நாட்டின் பழக்கம். ‘ஆண்–பெண் வேறுபாடு’ என்று பதிவேட்டில் தெரிவதில் ஒரு பகுதி உயிரியலன்று, சமூக வரலாறு!

கணக்கை நேர்மையாகப் போட வேண்டுமானால் இன்னொன்றும் வேண்டும்: ஒரே வகை அறுவையை ஒப்பிட வேண்டும். எல்லா அறுவையும் ஒன்றல்ல. பெருங்குடலில் செய்யும் பெரிய அறுவைகளுக்கும், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றும் அறுவைக்கும் பின் அடைப்பு வரும் வாய்ப்புச் சற்று அதிகம். சிசேரியனுக்குப் பின் அடைப்பு வருவது அவற்றைக் காட்டிலும் மிக மிக அரிது. எனவே சிசேரியன் செய்துகொண்ட உங்கள் அம்மாவையோ அக்காவையோ பார்த்து வீணாகக் கவலைப்படாதீர்கள். ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மிகச் சிறியது. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் அறுவை செய்துகொள்ளும் நாட்டில், சிறிய ஆபத்தும் மருத்துவமனையில் பெரிய எண்ணாகத் தெரியும்.

உடலிலும் வேறுபாடு உண்டு

அப்படியானால் ஆண் உடலுக்கும் பெண் உடலுக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

முதலாவது, ஆணின் வயிற்றறை முழுவதும் மூடிய பை. பெண்ணின் வயிற்றறை அப்படியன்று. கருக்குழாய்களின் வழியே அதற்கு ஒரு நுண்ணிய வாயில் உண்டு. அதன் வழியாக நோய்க்கிருமிகள் அடிவயிற்றுக்குள் நுழைந்து அழற்சியை உண்டாக்கினால், அறுவை எதுவும் இல்லாமலேயே ஒட்டிழைகள் தோன்றலாம். கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வயிற்றறையில் வளரும் ஒரு நோயும் இவ்வாறே செய்யும்.

இரண்டாவது, குடலிறக்கம். ‘ஹெர்னியா’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண் குழந்தை பிறப்பதற்கு முன், விதைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கி வருகின்றன. அவை வந்த வழி தொடை இடுக்கில் ஒரு பலவீனமான இடமாக நின்றுவிடுகிறது. கனமான சுமையைத் தூக்கும்போதோ தொடர்ந்து இருமும்போதோ குடல் அவ்வழியே பிதுங்கலாம். மேலைநாட்டுக் கணக்குகளின்படி, வாழ்நாளில் இவ்வகைக் குடலிறக்கம் வருவது ஆண்களில் 100-க்கு 27 பேருக்கு. பெண்களில் 3 பேருக்கு. பிதுங்கிய குடல் மாட்டிக்கொண்டால் அடைப்புத்தான். தொடையின் மேற்பகுதியில் தோன்றும் வேறொரு வகைக் குடலிறக்கம் வயதான பெண்களிடம் அதிகம். அளவில் சிறியதானாலும் எளிதில் நெரிபடும்.

மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன ‘ஓட்டுநர் வேலைநிறுத்தம்’. வயிற்று அறுவை முடிந்தவுடன் குடல் சில நாட்கள் ஓய்ந்து கிடப்பது இயல்பு. ஆகவேதான் “காற்று பிரிந்ததா?” என்று மருத்துவர் காலையும் மாலையும் கேட்கிறார். சிலருக்கு இந்த ஓய்வு அளவுக்கு மீறி நீள்கிறது. பெருங்குடல் அறுவைக்குப் பின் இவ்வாறு நீள்வது ஆண்களிடமே அதிகம் என்று பல மருத்துவமனை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கான காரணம் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒருமித்த முடிவு இல்லை.

நான்காவது வேறுபாடு வியப்பூட்டுவது. 1990-களில் லண்டன் மருத்துவர்கள் எக்ஸ்-கதிர்ப் படங்களில் பெருங்குடலை அளந்தார்கள். உயரத்தில் பெண்கள் சராசரியாகக் குறைந்தவர்கள். ஆனால் அவர்களின் பெருங்குடல் 155 செ.மீ.; ஆண்களுடையதோ 145 செ.மீ.! “ஆகா, இதுதான் காரணம்!” என்று துள்ளத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். ஒட்டிழையால் வரும் அடைப்பு பெரும்பாலும் சிறுகுடலில் வருவது. கைக்கு முதலில் அகப்பட்ட வேறுபாட்டையே காரணமாகக் கொள்வது அறிவியலன்று.

ஆகவே நம் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஒட்டிழையைக் கேட்டால், பெண்களுக்கு அடிவயிற்று அறுவைகள் அதிகம் என்பது முதல் விடை. குடலிறக்கத்தைக் கேட்டால் ஆண்கள். குடல் இயக்க ஓய்வைக் கேட்டாலும் ஆண்கள் பக்கமே தராசு சாய்கிறது. கேள்வியைப் பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மூன்று குப்பிகள்

குடல் அடைப்புக்குச் சிகிச்சை என்ன? 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் ஓர் எளிய வழியைப் புகுத்தினார். மூக்கின் வழியாக இரைப்பைக்குள் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செலுத்தினார். அதன் மறுமுனையைக் கண்ணாடிக் குப்பிகளோடு இணைத்தார். மேலே உள்ள குப்பியிலிருந்து தண்ணீர் கீழ்க் குப்பிக்கு இறங்க, மேலே காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் வயிற்றில் தேங்கிய காற்றும் திரவமும் வெளியே வந்துவிடுகின்றன. மின்சாரம் தேவையில்லை, பொறி இயந்திரம் தேவையில்லை. உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள வடிகுழாய்த் தத்துவம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது!

இன்றும் முதற்படி அதுவே. வாய்வழி உணவை நிறுத்தி, மூக்குக் குழாயால் வயிற்றின் அழுத்தத்தைக் குறைத்து, இழந்த நீரையும் உப்புகளையும் சிரை வழியே ஏற்றுகிறார்கள். நோயாளியை நிற்க வைத்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில், குடல் மடிப்புகளில் காற்று மேலும் திரவம் கீழுமாகப் பிரிந்து, படிக்கட்டுப் போல் கிடைமட்டக் கோடுகள் தெரியும். கொத்தனாரின் ரசமட்டம் காட்டும் அதே கிடைமட்டந்தான்! ஒட்டிழையால் வந்த அடைப்பில் பாதிக்கும் மேற்பட்டவை கத்தியின்றியே விலகிவிடுகின்றன. நெரிபட்டிருந்தால் மட்டும் உடனே அறுவை தேவை. ஒட்டிழையை அறுக்கச் செய்யும் அறுவையே புதிய ஒட்டிழைகளை உண்டாக்கலாம் என்பதால், மருத்துவர்கள் தேவையின்றிக் கத்தியை எடுப்பதில்லை.

வருமுன் காக்கவும் வழிகள் உண்டு. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் ஒட்டிழைகள் குறைவு. அறுவையின்போது திசுக்களை உலர விடாமல் மென்மையாகக் கையாள்கிறார்கள். கையுறைகளில் தூவும் மாவுகூட வயிற்றுக்குள் விழுந்து ஒட்டிழைக்கு வித்திடும் என்று கண்டறிந்ததால், அமெரிக்க அரசு 2017-இல் மாவு தூவிய கையுறைகளைத் தடை செய்தது.

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் மகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் வலி. விட்டு விட்டு, அலை அலையாக வருகிறது. இரண்டு முறை வாந்தி. “கேஸ் டிரபிள்தான்” என்று சோடா குடிக்கிறார். மாலையில் வயிறு உப்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். பத்தாண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையை எடுத்த அறுவை யாருக்கும் நினைவு வரவில்லை. விடுதியில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகும் இளம்பெண் ஒருத்திக்கு இதே வலி வந்தால், “மாதாமாதம் வருவதுதானே” என்று சொல்லி மாத்திரை கொடுத்து விடுவதும் உண்டு. ஆண்களோ, தொடை இடுக்கில் உள்ள வீக்கத்தை வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள். மூவரும் இழப்பது நேரத்தை!

நான்கு அறிகுறிகளை நினைவில் வையுங்கள். அலை அலையாக வயிற்றுவலி, வாந்தி, அதிலும் பச்சை நிறப் பித்த வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் பிரியாமை. இவை சேர்ந்து வந்தால், “எப்போதாவது வயிற்றில் ஆபரேஷன் செய்திருக்கிறதா? எங்காவது வீக்கம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் கூடாது. அடைபட்ட குழாயில் அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். உண்ணவும் பருகவும் கொடுக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விட்டு விட்டு வந்த வலி நிற்காத வலியாக மாறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா ஒவ்வொருவருக்கும் என்ன அறுவை, எந்த ஆண்டில், எந்த மருத்துவமனையில் நடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். என்றோ ஒரு நாள் நள்ளிரவில், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தத் தாள் விடை சொல்லும்.